பூவம் தாண்டினா ஆயிரம் ரூபாய் வருமா?

காரைக்கால்ல இருந்து வடக்கே போனா, பூவத்தோட புதுச்சேரி எல்லை முடிஞ்சிடும். அந்தப் பக்கம் தமிழ்நாடு. பொறையார்ல காலேஜ் சேர்ற பூவத்துப் பொண்ணுங்களோட கேள்வி இது: மாசம் ஆயிரம் ரூபாய் தர்ற புதுமைப்பெண் திட்டம் எங்களுக்கும் உண்டா?

காரைக்கால் அரசுப் பள்ளியில் படிச்சிருந்தா, கிடையாது. 2022-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படிச்சிருக்கணும். 2024-ல் பசங்களுக்கு வந்த தமிழ்ப்புதல்வனும் இப்படித்தான். பக்கத்துப் பக்கத்து ஊருக்கு ரெண்டு கணக்கு. எனக்கு இது நியாயமாப் படலை.

அதுக்காக விட்டுடாதீங்க. எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை சொந்த மாநிலம் வழியா வர்றது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. காலேஜ் பொறையார்ல இருந்தாலும் விண்ணப்பத்துல சொந்த மாநிலம் புதுச்சேரின்னு போடுங்க. பணம் ஆதார் இணைச்ச பேங்க் கணக்குக்குத்தான் வரும், அதை முதல்ல செக் பண்ணிடுங்க.