முளைக்காத பல் எங்கே போனது?

உங்கள் நாக்கின் நுனியால் மேல்வரிசைப் பற்களைத் தடவிப் பாருங்கள். நடுவில் இரண்டு அகலமான வெட்டுப்பற்கள் இருக்கும். அவற்றின் இருபுறமும் சற்றுச் சிறிய வெட்டுப்பல் ஒவ்வொன்று. அதற்கு அடுத்தது கூரான கோரைப்பல்.

நடுவே உள்ள அந்தச் சிறிய பல்லுக்குப் பக்க வெட்டுப்பல் என்று பெயர். உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உடைய பலருக்கு, பிளவு உள்ள பக்கத்தில் இந்தப் பல் இருப்பதில்லை. விழுந்துவிட்டதா? சொத்தையாகிப் பிடுங்கப்பட்டதா? இரண்டும் இல்லை. அது உருவாகவே இல்லை!

முகம் இணையும் வாரங்கள்

உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ, இரண்டிலுமோ பிளவுடன் பிறக்கிறது. அண்ணம் என்பது வாயின் மேற்கூரை.

தாயின் வயிற்றில் நம் முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. பல திசு மேடுகள் வெவ்வேறு பக்கங்களிலிருந்து வளர்ந்துவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நடுவிலிருந்து வரும் மேடும் பக்கவாட்டிலிருந்து வரும் மேடும் 4 முதல் 7ஆம் வாரத்துக்குள் இணைந்தால் மேலுதடு உருவாகிறது. அண்ணம் அதற்குச் சற்றுப் பின்னர் மூடுகிறது. இணைப்பு முழுமை பெறாத இடம் பிளவாக நின்றுவிடுகிறது.

பற்களின் அரும்புகள் தோன்றத் தொடங்குவதும் ஏறத்தாழ 6ஆம் வாரத்தில்தான். பக்க வெட்டுப்பல் அமைய வேண்டிய இடமோ அந்த இரு மேடுகளும் சந்திக்கும் எல்லை. அங்கே பிளவு விழுந்தால் அரும்புக்கு வேண்டிய திசு போதாமல் போகலாம். அப்போது பல் உருவாகாது. அல்லது மிகச் சிறியதாக, ஆப்பு வடிவில் முளைக்கும். சிலருக்கு நேர்மாறாக, பிளவின் இரு கரைகளிலும் கரைக்கு ஒன்றாகப் பல் வருவதும் உண்டு.

பிளவுக்கு அப்பாலும்

பிளவு மட்டுமே காரணம் என்றால், அதைவிட்டுத் தள்ளியிருக்கும் பற்கள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? ஆனால், இவர்களில் சிலருக்கு இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும் இருப்பதில்லை. ஆகவே, வேறொரு காரணமும் இருக்க வேண்டும்.

அதற்கான தடயத்தை 1994இல் எலிகள் தந்தன. எம்எஸ்எக்ஸ்1 என்னும் மரபணு செயல்படாத எலிக்குட்டிகள் அண்ணப் பிளவுடன் பிறந்தன. அவற்றின் பற்களும் அரும்பு நிலையிலேயே நின்றுவிட்டன. 2000ஆம் ஆண்டில், நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் பிளவும் பல்லின்மையும் சேர்ந்து காணப்பட்டதற்கு அதே மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் காரணமெனத் தெரியவந்தது. முகத்தை இணைக்கும் வேலையிலும் பல்லை வளர்க்கும் வேலையிலும் ஒரே மரபணு பங்கேற்கிறது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததால்தான் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று தாயைக் குறைகூறுவோர் நம்மிடையே இன்னமும் உண்டு. கிரகணத்துக்கும் பிளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன. பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட முடிவதில்லை.

காத்திருக்கும் இடைவெளி

உதட்டையும் அண்ணத்தையும் பெரும்பாலும் முதல் ஒன்றரை வயதுக்குள் அறுவைச் சிகிச்சையால் மூடிவிடுவார்கள். ஆனால், ஈற்றுக்குள் இருக்கும் தாடை எலும்பில் இடைவெளி எஞ்சியிருக்கும். எலும்பு இல்லாத இடத்தில் பல் இறங்கி நிற்க முடியாது. அதனால் கோரைப்பல் முளைக்கும் முன்பே, பொதுவாக 8 முதல் 11 வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து சிறிதளவு எடுத்து அங்கே வைப்பார்கள். நாளடைவில் கோரைப்பல் அந்தப் புதிய எலும்பின் வழியே இறங்கி வரும்.

இல்லாத பல்லுக்கு இரண்டு வழிகள் உள்ளன. கம்பி போட்டுக் கோரைப்பல்லை முன்னே நகர்த்தி, அதன் கூர்முனையைச் சீர்செய்து, வெட்டுப்பல் போலத் தோன்றச் செய்யலாம். இல்லையெனில் இடைவெளியை அப்படியே காத்து, பின்னர் செயற்கைப் பல் பொருத்தலாம்.

எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கைப் பல்லைச் சிறுவயதிலேயே வைத்துவிட்டால் என்ன? சொந்தப் பற்கள் வளரும் தாடையோடு சேர்ந்து இறங்கும். எலும்போடு இறுகிவிட்ட செயற்கைப் பல் நகராது. சில ஆண்டுகளில் அது மட்டும் மேலே உள்வாங்கியது போலத் தெரியும். எனவே தாடை வளர்ச்சி முடியும்வரை மருத்துவர்கள் பொறுத்திருப்பார்கள்.

உங்கள் வகுப்பில் ஒருவர் கழற்றி மாட்டும் பல் அணிந்திருக்கலாம். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளலாம். பல்லை எங்கே தொலைத்தாய் என்று அவரைக் கேட்காதீர்கள். அவர் எதையும் தொலைக்கவில்லை. தம் தாடை வளர்ந்து முடியக் காத்திருக்கிறார்.