உறங்கும் இருதயம் விழிக்குமா?

மாரடைப்புக்குத் தப்பிப் பிழைத்த ஒருவரின் எக்கோ பரிசோதனையில், “இருதயத் தசையின் ஒரு பகுதி அசையவில்லை” என்று கண்டால் வீட்டார் கலங்கிப்போகின்றனர். அசையாத தசை செத்த தசையே என்று நம்பிக்கை இழப்பவர் ஒருசாரார். அறுவை செய்தே தீரவேண்டும் என்று நிலத்தை அடகு வைக்க ஓடுபவர் மற்றொரு சாரார். இரண்டும் அவசர முடிவுகளே. ஆகையால், பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் இதனைச் சற்று விளக்கமாக அறிந்துகொள்வது நலம்.

வண்டி ஓடாத இருப்புப்பாதை இருவகைப்படும். ஒன்று, தண்டவாளமே பெயர்ந்துபோனது. மற்றொன்று, தண்டவாளம் செம்மையாக இருந்தும் மின்சாரம் வாராமையால் ஓய்ந்து கிடப்பது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இருதயத் தசையும் அத்தகையதே.

இரத்தம் அறவே நின்ற பகுதி இறந்து தழும்பாகிவிடும், அது மீளாது. அடைப்பு விரைவில் நீங்கினால், திகைத்து நின்ற தசை சில நாட்களிலோ வாரங்களிலோ தானே தெளியும். நெடுங்காலம் இரத்தம் குறைவாகவே வருமாயின், தசை தன் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரை மட்டும் காத்துக் கிடக்கும். இதுவே ‘உறங்கும் தசை’. இக்கருத்தை 1980களில் பரப்பியவர், பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் ஷாபுதீன் ரஹிம்தூலா.

உறங்குவதையும் இறந்ததையும் பிரித்தறியப் பல வழிகள் உண்டு. டோபுடமின் என்னும் மருந்தைச் சிறிதளவு செலுத்தி எக்கோ பார்த்தால், உயிருள்ள தசை சற்றே அசையும். தாலியம் போன்ற கதிரியக்கப் பொருளை உயிருள்ள அணுக்களே ஏற்கும். பெட் ஸ்கேனில், இரத்தம் குறைந்த இடமும் சர்க்கரையை ஏற்குமாயின் அங்கே உயிர் உண்டு என்று பொருள். எம்.ஆர்.ஐ. படத்தில் கடோலினியம் என்னும் மருந்து தழும்பை வெண்மையாகக் காட்டும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தழும்பே இல்லாத அசைவு குன்றிய பகுதிகளுள் நூற்றுக்கு 78 சிகிச்சைக்குப்பின் தேறின. முக்கால் பங்குக்கு மேல் தழும்பேறிய 58 பகுதிகளுள் ஒன்றே தேறியது.

ஆயினும் படம் ஒன்றே தீர்ப்பு அன்று. தசைக்கு உயிர் உண்டு என்று அறியப்பட்ட 700 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. மருந்துடன் ஸ்டென்ட் வைத்தவர்க்கும் மருந்து மட்டும் உண்டவர்க்கும் மரணத்திலோ, இருதயத் தளர்ச்சியால் ஆஸ்பத்திரியில் சேர்வதிலோ வேறுபாடு காணப்படவில்லை. மற்றோர் ஆய்வில் 1,212 பேரைப் பத்தாண்டு கவனித்தபோது, பைபாஸ் செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைந்திருந்தது. எனவே ஒருவர்க்குப் பொருந்துவது மற்றொருவர்க்குப் பொருந்தாது.

இத்தகைய நோய்களை ஆராய்ந்து சிகிச்சை செய்யும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் நமக்கு அண்மையில் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. 1976இல் பணி தொடங்கிய அந்நிறுவனம், 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது.

எந்த ஆஸ்பத்திரிக்குச் சென்றாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: அசையாத பகுதியில் உயிர் உண்டா? அதனை அறியப் பரிசோதனை தேவையா? அதன் முடிவால் சிகிச்சை மாறுமா? மலையாளத்தில் கூறியது விளங்காவிடில் வெட்கமின்றி மறுபடி கேளுங்கள். சிறுநீரக நோய் இருந்தாலும், பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தாலும் படம் எடுக்குமுன் கூறிவிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நெஞ்சு வலித்தால் வாயு என்று சுக்குக் கஷாயம் குடித்துக் காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். உறங்கும் தசையை எழுப்ப வழியுண்டு; இறந்த தசையை எழுப்புவார் எவருமிலர்.