காரின் குளிர்ச்சி எங்கே போயிற்று?

பழைய கார் ஒன்றை விலை பேசச் செல்வோர் எஞ்சினின் ஓசையைக் கேட்பார்கள். டயர்களின் தேய்மானத்தைப் பார்ப்பார்கள். இறுதியில் குளிர்சாதனத்தை இயக்குவார்கள். காற்று வெதுவெதுப்பாக வரும். உடனே விற்பவர், "வேறொன்றுமில்லை, காஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பினால் சரியாகிவிடும்" என்பார். பெட்ரோல் தீர்வதைப் போல இந்த வாயுவும் தீருமா? தீராது என்பதே விடை. ஏன் தீராது என்பதை அறிந்துகொண்டால், பழுதைக் காணும் வழியும் தானே புலப்படும்.

கோடையில் மண்பானை நீர் குளிர்ந்திருப்பதை நாம் அறிவோம். நுண்துளைகளின் வழியே கசியும் நீர், ஆவியாகும்பொழுது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. காரிலும் நிகழ்வது இதுவே. ஆனால் பானையை விட்டுச் சென்ற ஆவி திரும்புவதில்லை. காரிலோ அது மூடிய குழாய்களுக்குள் சுழன்றுகொண்டே இருக்கிறது. 1990களிலிருந்து மிகுதியாக வழங்கிவரும் ஆர்-134ஏ என்னும் பொருள், சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழிக்குக் கீழே 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் இயல்புடையது. 'கம்ப்ரெஸர்' அதன் ஆவியை அமுக்கிச் சூடாக்குகிறது. வண்டியின் முகப்பில் உள்ள 'கண்டென்ஸர்' அவ்வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு, ஆவியைத் திரவமாக்குகிறது. அத்திரவம் ஒரு சிறு வால்வின் வழியே அழுத்தம் குறைந்து, உட்புறச் சுருளில் கொதித்து ஆவியாகிறது; அச்சுருளைத் தழுவி வரும் காற்றே நம்மைக் குளிர்விக்கிறது. இச்சுழற்சியில் எதுவும் செலவாவதில்லை. ரப்பர் வளையங்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு வெளியேறுவது இயல்பு. ஒரே கோடையில் குறைந்துவிட்டதாயின், எங்கோ துளை உண்டு.

இனி, பழுதை ஆராயும் முறையைக் காண்போம். முதலில், காற்று போதிய வேகத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வேகம் குறைந்திருந்தால், தூசி அடைத்த வடிகட்டியோ உள்விசிறியோ காரணமாகலாம். இதற்கு வாயுவைத் தொட வேண்டியதே இல்லை. அடுத்து, கம்ப்ரெஸர் இயங்குகிறதா என்று காண வேண்டும். பல வண்டிகளில், பொத்தானை அழுத்தியதும் அதன் காந்தக் கிளட்ச் 'டிக்' என்று பற்றிக்கொள்ளும். பற்றாவிட்டால் மின் இணைப்பில் குறை இருக்கலாம். அல்லது வாயு மிகக் குறைந்ததனால் பாதுகாப்பு விசை அதைத் தடுத்திருக்கலாம். வண்டி ஓடும்பொழுது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்பொழுது வெம்மையானால், கண்டென்ஸரின் விசிறியையே முதலில் ஐயுற வேண்டும்.

இதற்குமேல் அழுத்தமானிகள் தேவை. இருபுறமும் அழுத்தம் தாழ்ந்திருந்தால், பெரும்பாலும் வாயு குறைவு. இருபுறமும் உயர்ந்திருந்தால், கண்டென்ஸரில் அடைப்பு, விசிறிக் கோளாறு, அளவுக்கு மிஞ்சிய வாயு ஆகியவற்றுள் ஒன்று. தாழ்வாக இருக்க வேண்டிய பக்கம் உயர்ந்தும், உயர்வாக இருக்க வேண்டிய பக்கம் தாழ்ந்தும் காட்டினால், கம்ப்ரெஸர் தேய்ந்துவிட்டது என்று கருதலாம்.

சென்னையில் கடலோரப் பகுதியில் பல ஆண்டுகள் ஓடிய கார் ஒன்றை நான் வாங்கினேன். இரண்டு கோடைகளில் இரண்டு முறை வாயு நிரப்பிய ரசீதுகளும் அதனுடன் கிடைத்தன. மெக்கானிக் உடனே வாயுவை நிரப்பிவிடவில்லை. விளக்கைப் பிடித்துக் கண்டென்ஸரின் கீழ்மூலையைக் காட்டினார். அங்கே எண்ணெய்ப் பசையுடன் தூசி அப்பியிருந்தது. கம்ப்ரெஸருக்குரிய எண்ணெயும் வாயுவுடன் சுழல்வதால், கசியும் இடத்தில் அது தடம் பதிக்கிறது. குழாய்களில் நைட்ரஜனை ஏற்றி அவ்விடத்தில் சோப்பு நீரைத் தடவியபொழுது குமிழிகள் கிளம்பின. உப்புக் காற்று அலுமினியத்தை அரித்திருந்தது. கண்டென்ஸரும், ஈரத்தை உறிஞ்சும் பகுதியும், ரப்பர் வளையங்களும் மாற்றப்பட்டன. பிறகு வெற்றிடப் பம்பினால் காற்றும் ஈரமும் அகற்றப்பட்டன. ஈரம் தங்கினால் வால்வில் பனிக்கட்டியாய் உறைந்து வழியை அடைக்கும். கடைசியாக, எஞ்சின் மூடியின் கீழ் ஒட்டப்பட்ட சீட்டில் குறித்த எடையளவே வாயு நிறுத்து நிரப்பப்பட்டது.

கசிவை விட்டுவிட்டு வாயுவை மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதை ஒக்கும். நட்டம் பணத்தோடு நிற்பதுமில்லை. முன்னாளில் கார்களில் வழங்கிய ஆர்-12 போன்ற பொருள்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று 1974ஆம் ஆண்டில் மொலினா, ரோலண்ட் என்னும் அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை அவற்றைக் கைவிட வழிகோலியது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும், நூறாண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, ஆயிரம் கிலோவுக்கும் மிகுந்த கரியமில வாயுவைப் போலப் புவியைச் சூடாக்க வல்லது. ஆகவே அதை வெளியே திறந்துவிடலாகாது. உரிய கருவியால் உறிஞ்சிச் சேமிக்க வேண்டும். கண்ணிலோ தோலிலோ பட்டால் உறைபுண் உண்டாகுமாதலால், குழாய்களை அவிழ்க்கும் பணியைப் பயிற்சி பெற்றவரிடமே விடுதல் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டார் பழைய கார் வாங்கச் செல்லும்பொழுது நீங்களும் உடன் செல்லுங்கள். "காஸ் தீர்ந்துவிட்டது" என்று எவரேனும் சொன்னால், "எந்த வழியாகப் போயிற்று?" என்று பணிவோடு கேளுங்கள். அதற்கு விடை கிடைத்த பிறகு விலையைப் பேசலாம்.