சினம் தணிக்கும் மனப்பயிற்சி

சினம் தணிக்கும் மனப்பயிற்சி என்பது மூச்சு, உடல் உணர்ச்சிகள், எண்ணங்கள் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனித்துப் பழகுவதன் மூலம் சினத்தையும் அதனால் எழும் வன்செயலையும் குறைக்க முயலும் முறைகளைக் குறிக்கும். விபாசனா தியானம் இவற்றுள் ஒன்று. இந்தியாவில் இம்முறை 1975 இல் செய்ப்பூர் மத்திய சிறையிலும், 1993 இல் தில்லி திகார் சிறையிலும் கைதிகளுக்குக் கற்பிக்கப்பட்டது.

சினமும் வன்செயலும்

சினம் ஓர் உணர்வு. வன்செயல் ஒரு நடத்தை. சினம் கொண்டோர் அனைவரும் பிறரைத் தாக்குவதில்லை. சினம் எழும்போது அட்ரினலின் முதலிய இயக்குநீர்கள் சுரக்கின்றன. இதயத் துடிப்பு கூடுகிறது, மூச்சு விரைவடைகிறது, தசைகள் இறுகுகின்றன. பலர் இம்மாற்றங்களை உணரும் முன்பே சொல்லாலோ செயலாலோ எதிர்வினை ஆற்றிவிடுகின்றனர். இவற்றைத் தொடக்கத்திலேயே அறியவும், அறிந்தபின் உடனே செயற்படாதிருக்கவும் பழக்குவதே இப்பயிற்சியின் நோக்கம் ஆகும். சினம் காத்தல் பழந்தமிழ் அறநூல்களிலும் பேசப்படுகிறது. திருக்குறளின் 31 ஆவது அதிகாரம் வெகுளாமை ஆகும்.

சினத்தைக் கொட்டித் தீர்த்தால் தணிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002 இல் 600 கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களிடம் சினம் மிகுந்திருந்தது. எதுவும் செய்யாது அமைதியாக அமர்ந்திருந்தவர்களே குறைந்த அளவு வன்மையுடன் நடந்துகொண்டனர். மொத்தம் 10,189 பேர் பங்கேற்ற 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024 இல் வெளியான கட்டுரையும், உடற்கிளர்ச்சியைக் குறைக்கும் தியானம், மூச்சுப் பயிற்சி போன்றவை சினத்தைத் தணிக்கின்றன என்றும், கிளர்ச்சியைக் கூட்டும் செயல்கள் பொதுவாக அவ்வாறு உதவுவதில்லை என்றும் காட்டியது.

செய்முறை

மியன்மாரில் பிறந்த ச. நா. கோயங்கா (1924–2013) கற்பித்த விபாசனா, 10 நாள் தங்கு பயிற்சியாக நடைபெறுகிறது. முதல் ஒன்பது நாட்கள் பங்கேற்போர் தமக்குள் பேசுவதில்லை. தொடக்க நாட்களில் இயல்பான மூச்சு மட்டும் கவனிக்கப்படுகிறது; மூச்சை அடக்குவதோ நீட்டுவதோ இல்லை. நான்காம் நாள் முதல் தலை தொடங்கிப் பாதம் வரையுள்ள உணர்ச்சிகள், விருப்பு வெறுப்பின்றிக் கவனிக்கப்படுகின்றன. கால்வலியோ அரிப்போ தோன்றினாலும் உடனே அசையாதிருக்கப் பழகுகின்றனர். சினம் எழும் நேரத்திலும் இதே பழக்கம் உதவும் என்பது இம்முறையின் அடிப்படை. பிறர்க்கு நலம் வேண்டும் மைத்திரிப் பயிற்சி இறுதியில் இடம்பெறுகிறது.

சிறைகளில்

1975 இல் இராசத்தான் உள்துறைச் செயலர் ராம் சிங்கின் முயற்சியால் செய்ப்பூர் சிறையில் 120 கைதிகளுக்கு இப்பயிற்சி அளிக்கப்பட்டது. விலங்கிடப்பட்ட கைதிகளுக்குக் கற்பிக்க இயலாது எனக் கோயங்கா கூறியதால், பாதுகாப்பு குறித்த அச்சம் இருந்தபோதும் விலங்குகள் அகற்றப்பட்டன.

1993 இல் கிரண் பேடி திகார் சிறைகளின் தலைமை அதிகாரியானார். அக்காலத்தில் அச்சிறை அளவுக்கு மீறிய நெரிசலுடன் இருந்தது. கைதிகளுள் பெரும்பாலோர் தீர்ப்புக்குக் காத்திருந்த விசாரணைக் கைதிகள். தமக்கிருந்த கடுஞ்சினம் விபாசனாவால் தணிந்தது எனக் கூறிய சிறை அலுவலர் ஒருவர் இதனைப் பரிந்துரைத்தார். அவ்வாண்டு நவம்பரில் ஏறத்தாழ 100 கைதிகளும், 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும் பயின்றனர். சிறை ஊழியர்களும் இதில் பங்கேற்றனர். 1994 இலேயே சிறைக்குள் நிலையான மையம் அமைக்கப்பட்டது. இதனைப் பற்றிய ஆவணப்படம் 1997 இல் வெளிவந்தது. பின்னர் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அருகிலுள்ள சிறை ஒன்றிலும், 2002 இல் அலபாமா மாநிலத்தின் உயர்பாதுகாப்புச் சிறை ஒன்றிலும் இப்பயிற்சி நடைபெற்றது.

சென்னையில்

பள்ளிக்கரணை, தாம்பரம், பல்லாவரம் முதலியவற்றை உள்ளடக்கிய சென்னையின் தென்புறநகர்ப் பகுதியில், திருநீர்மலையை அடுத்த திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்னும் விபாசனா மையம் உள்ளது. இது பொதுமக்களுக்கானது. கட்டணம் பெறப்படுவதில்லை; முன்பு பயின்றோரின் நன்கொடையால் பயிற்சிகள் நடைபெறுகின்றன.

வரம்புகள்

சிறைப் பயிற்சிகளில் பெரும்பாலும் விருப்பமுள்ளவர்களே சேர்கின்றனர். எனவே, பின்னர் காணப்படும் மாற்றம் முழுவதும் பயிற்சியால் விளைந்தது எனக் கூற இயலாது. சினம் குறைந்தது எனப் பயின்றவரே கூறுவதும், அவரது வன்செயல் குறைவதும் தனித்தனியே அளக்கப்பட வேண்டியவை. கடும் மனநோய் உள்ளவர்களுக்கு நீண்ட மௌனப் பயிற்சி தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதால், சேரும்போதே அந்நோய் குறித்துத் தெரிவிக்குமாறு மையங்கள் கேட்கின்றன. மேலும், தாக்குபவர் தியானம் பயில்வது தாக்கப்படுபவருக்குப் பாதுகாப்பு ஆகாது. வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தனியே பாதுகாப்பு அளிக்கிறது.