பிரேக்குக்குள் புகுந்த காற்று

மலைப்பாதை சைக்கிளின் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கைக் கெடுக்க எவ்வளவு காற்று வேண்டும்? கால் மில்லிலிட்டர்கூட வேண்டாம். லீவருக்குள் இருக்கும் மாஸ்டர் பிஸ்டனின் விட்டம் சுமார் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது 5 மி.மீ. நகர்ந்தால் ஹோஸுக்குள் தள்ளும் ஆயில் 0.4 மி.லி.தான். அந்தச் சொற்ப ஆயிலைக் கொண்டுதான் கீழே காலிப்பரில் பிஸ்டன்கள் நகர்ந்து, பேடுகள் டிஸ்க்கைக் கவ்வியாக வேண்டும். வழியில் 0.2 மி.லி. குமிழி ஒன்று உட்கார்ந்திருந்தால், லீவரின் பாதி ஓட்டம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். விரலுக்குப் பஞ்சுபோல அமுங்குவதாகத் தெரிவது இதுதான்.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்துக்குத் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டறிந்தார். காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 22 மி.மீ. என்றால் அதன் பரப்பு மாஸ்டர் பிஸ்டனைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. விசையும் அதே அளவு பெருகும். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போலப் பல பத்து மடங்காகிறது. அப்போது ஆயில் நூற்றில் அரைப் பங்குகூடச் சுருங்குவதில்லை. காற்றோ இருந்த இடம் தெரியாமல் சுருங்கிவிடுகிறது.

ஆனால் பிரேக் சரியில்லாதபோதெல்லாம் காற்றின் மேல் பழி போட முடியாது. காற்றை வெளியேற்ற சிரிஞ்சை எடுப்பதற்கு முன் லீவரைச் சோதிப்பதே முறை. நாலைந்து தடவை வேகமாக அழுத்தினால் கெட்டியாகி, சற்று விட்டதும் மறுபடி தளர்ந்தால், காற்றுதான். அழுத்திப் பிடித்திருக்கையில் லீவர் மெல்ல மெல்ல ஹேண்டில்பாரை நோக்கி இறங்கினால், எங்கோ கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் விடுகிறது. அப்போது எத்தனை முறை ப்ளீட் செய்தாலும், அதாவது காற்றை வெளியேற்றினாலும், பயனில்லை. லீவர் கெட்டியாக இருந்தும் சைக்கிள் நிற்கவில்லையென்றால், பேடில் எண்ணெய் பட்டிருக்கலாம். பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: காலிப்பர் கோணலாகப் பொருந்தியிருந்தால், பேடுகள் டிஸ்க்கை ஒரு பக்கமாக வளைக்கும். அந்த வளைவின் நெகிழ்வும் கைக்குப் பஞ்சுபோலவே தெரியும். காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு லீவரை அழுத்திப் பார்த்தால் டிஸ்க் வளைவது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி பஞ்சர் ஒட்டிய பிறகு பிரேக் தளர்ந்துவிட்டதா? லீவரில் உள்ள ஆயில் தொட்டியில் கொஞ்சம் காற்று இருந்திருக்கும். நிமிர்ந்து நிற்கும்வரை அது மேலேயே இருந்து தொல்லை தராது. கவிழ்த்ததும் ஹோஸுக்குள் நழுவிவிடும்.

ப்ளீட் செய்வதன் சாரம், குமிழி மேலேறுவதற்கு வழி விடுவது. என் பார்வையில் சிரிஞ்சைவிட சைக்கிள் நிற்கும் கோணம் முக்கியம். ஷிமானோ நிறுவனத்தின் பிரேக்குகளுக்கான முறையை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றித் தள்ளி வைத்துவிட வேண்டும்; ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் பேடு பாழ். பிஸ்டன்களுக்கு நடுவே பிளாஸ்டிக் கட்டையைச் செருகி, லீவரைக் கிடைமட்டமாக்கி, அதன் மேல்துளையில் புனலைப் பொருத்துவார்கள். காலிப்பரின் நிப்பிளில் சிரிஞ்சை இணைத்து ஆயிலைக் கீழிருந்து மேலாக, நிதானமாகத் தள்ள வேண்டும். காற்று தானாகப் போக விரும்பும் திசையும் அதுவே. சிறு குமிழிகள் ஹோஸின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். விரலால் ஹோஸையும் காலிப்பரையும் தட்டினால் விடுபடும். பின்பிரேக் ஹோஸ் சட்டத்துக்குள் வளைந்து இறங்கி ஏறுவதால் அந்த வளைவுகளில் காற்று தங்கும். முன்சக்கரம் உயர்ந்திருக்கும்படி சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினால் பாதை முழுக்க ஏற்றமாகிவிடும். கடைசியில் நிப்பிளை மூடிவிட்டு, லீவரை அழுத்தி விட்டபடி, முன்னும் பின்னும் சற்றுச் சாய்க்க வேண்டும். புனலில் குமிழி வருவது முழுவதும் நிற்கும்வரை பொறுமை தேவை.

குமிழி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை; பிரேக்கின் வெப்பமே அதை உள்ளே உண்டாக்கிவிடலாம். அந்த வெப்பம் எவ்வளவு என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. 1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே, சுமார் 400 மீட்டர் கீழிறங்கும் மண்பாதையில் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. பழைய சைக்கிள்களின் ஹப் பிரேக் சூடேறி உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. சைக்கிளோடு 90 கிலோ எடை 400 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றுத்தடையும் உராய்வும் கொள்வது போக மீதியெல்லாம் பிரேக்கில்தான் வெப்பமாக இறங்குகிறது.

இந்த வெப்பத்தைத் தாங்க வேண்டியது பிரேக்கின் உள்ளே இருக்கும் திரவம். சில பிரேக்குகளில் டாட் 4 என்ற திரவமும், மற்றவற்றில் மினரல் ஆயிலும் இருக்கும். டாட் 4 ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் கொதித்தால் காலிப்பருக்குள்ளேயே ஆவிக் குமிழி பிறந்துவிடும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் உள்ளே புகும் நீர் கலக்காமல், சூடு அதிகமுள்ள காலிப்பரிலேயே தேங்கும்.

மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைகளில் டாட் 4 எளிதாகக் கிடைக்கிறது. அதை மினரல் ஆயில் பிரேக்கில் ஊற்றவே கூடாது. டாட் 4 பிரேக்கில் மினரல் ஆயிலையும் ஊற்றக் கூடாது. இரண்டுக்கும் சீல் ரப்பர் வேறு வேறு. பொருந்தாத திரவம் பட்டால் ரப்பர் உப்பிக் கெடும். அதன்பிறகு ப்ளீட் செய்து மீட்க வழியில்லை; சீல்களை மாற்ற வேண்டும், பெரும்பாலும் லீவரையும் காலிப்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.