தவளைத் தொட்டிக்கு நீல பல்பு வேண்டாம்

மரத்தவளை வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளுக்கென்றே ‘நிலவொளி’ என்ற பெயரில் நீல பல்புகள் விற்கிறார்கள். இரவு முழுக்க எரிந்தால் தவளைக்குக் காட்டில் இருப்பது போலவே இருக்குமாம். ஆனால் நிலவின் ஒளி நீலம் அல்ல. நிலவில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான் அது. சூரிய ஒளியைவிடச் சற்றே செம்மை கூடியது. மங்கலில் நம் கண் வேலை செய்யும் விதத்தால்தான் அது நமக்கு நீலமாகத் தோன்றுகிறது.

தவளையின் கண் வேறு மாதிரி. இருட்டில் பார்க்க உதவும் கோல் செல்கள் நம் விழித்திரையில் ஒரே வகைதான். அதனால் இரவில் நமக்கு நிறம் தெரிவதில்லை. தவளைக்கு அவை இரண்டு வகை. ஒன்று பச்சை ஒளியை நன்றாக உணரும். மற்றது நீலத்தை, அதாவது சுமார் 430 நானோமீட்டர் ஒளியை உணரும். நமக்குக் கும்மிருட்டாகத் தெரியும் இடத்திலும் தவளைகள் நிறம் பிரித்தறிவதை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். இத்தனை நுட்பமான கண்ணுக்கு எதிரே விடிய விடிய நீல பல்பை எரியவிடுவது கொடுமை.

அளவையும் பாருங்கள். தெளிந்த வானில் முழுநிலவு தருவது அதிகம் போனால் 0.3 லக்ஸ். மத்திய அமெரிக்க மழைக்காட்டில் சிவப்புக்கண் மரத்தவளை இரை தேடும் இலைக்கூரைக்குக் கீழே அதிலும் சிறு பங்குதான் வந்து சேரும். கண்ணாடியை ஒட்டி எரியும் சின்ன பல்பு இதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

விளைவு பசியில் தெரியும். அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளைகளை வைத்து பிரையன்ட் புக்கானன் 1993இல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சம் கூட்டப்பட்டபோது அவை இரையைக் கண்டுபிடித்துத் தின்பது குறைந்தது. இருளுக்குப் பழகிய கண் வெளிச்சத்தில் கூசினால், மீண்டும் பழக நெடுநேரம் பிடிக்கும்.

சிவப்பு பல்பு தவளைக்குத் தெரியவே தெரியாது என்பதும் முழு உண்மையல்ல. கோல் செல்கள் சிவப்பை மிகக் குறைவாகவே உணரும். ஆனால் வெளிச்சம் கூடினால், வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்பு செல்கள் அதைக் கண்டுகொள்ளும். ஆகவே தவளையைப் பார்க்க ஆசைப்பட்டால் மங்கலான சிவப்பு டார்ச்சைச் சில நிமிடம் மட்டும், நேரே முகத்தில் அடிக்காமல் பயன்படுத்தலாம்.

இருள் கண்ணுக்கு மட்டும் தேவைப்படுவதல்ல. இரவு வந்ததை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனைத் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னர் 1958இல் பிரித்தெடுத்ததே தவளைத் தோலை வெளுக்க வைக்கும் பொருளைத் தேடித்தான். இரவு வெளிச்சம் அந்தச் சுரப்பைத் தடுக்கிறது.

என் பரிந்துரை இதுதான்: டைமர் பொருத்தி 12 மணி நேரம் விளக்கு, 12 மணி நேரம் முழு இருள். அறை மிகவும் குளிர்ந்தால் ஒளி தராத செராமிக் ஹீட்டரை, தெர்மோஸ்டாட்டோடு தொட்டிக்கு வெளியே வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அதுவும் தேவைப்படாது. சிவப்புக்கண் மரத்தவளைக்கு இரவில் 20 டிகிரி செல்சியஸ் போதும். சிள்வண்டு போடுவதை விளக்கு அணைந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; தவளை விழித்துப் பசியோடு இருக்கும் நேரம் அதுதான்.