ஒரு மலைப் பாதைக்கு எத்தனை எசமானர்கள்?

செங்கம் கடைவீதியில் நின்று வடக்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். சாமையும் புளியும் தேனும் பலாப்பழமும் விளையும் மலை அது. செய்யாறும் அங்கேதான் பிறக்கிறது.

ஆறு தானாக இறங்கி வந்துவிடும். மனிதர் இறங்கி வரப் பாதை வேண்டும். பாதை இல்லாத மலைச் சிற்றூரில் ஒரு பெண்ணுக்கு நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் என்ன செய்வார்கள்? போர்வையில் டோலி கட்டுவார்கள். நான்கு பேர் தோள் கொடுப்பார்கள். கார் நிற்கும் இடம்வரை கல்லிலும் முள்ளிலும் நடை. மழைக் காலமானால் சொல்லவே வேண்டாம்.

"ஒரு ரோடு போட்டால் தீர்ந்தது. இது என்ன பெரிய காரியமா?" என்று கேட்கத் தோன்றும். பெரிய காரியம்தான்!

சங்க காலத்தில் செங்கத்தை ஆண்டவன் நன்னன். மலைபடுகடாம் என்ற நூலின் பாட்டுடைத் தலைவன் இவனே. அவன் காலத்தில் மலைக்குப் பாதை வேண்டுமென்றால் அரசன் தலையை அசைத்தால் போதும். இப்போது நடப்பது மக்கள் ஆட்சி. பல தலைகள் அசைய வேண்டும்.

பணப்பை யார் கையில்?

ஊர்த் திருவிழாவில் பணம் கொடுப்பவர் ஒருவர், பந்தல் போடுபவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர். பந்தல்காரரே கணக்கும் எழுதினால் ஊர் சும்மா இருக்குமா? பல இலாகாக்கள் கூடிச் செய்யும் சர்க்கார் வேலையிலும் இந்த முறைதான்.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி தொடங்கியது. முதலில் ரோடு போடும் செலவு முழுவதையும் மத்திய சர்க்கார் ஏற்றது. 2015-16 முதல் நம் மாநிலத்தில் 100 ரூபாய் செலவானால் 60 ரூபாய் மத்திய சர்க்காருடையது. 40 ரூபாய் மாநில சர்க்காருடையது. கொடுப்பவர்கள் இருவர். வேலையை நடத்தும் பொறுப்போ இன்னொருவருடையது. அது ஊரக வளர்ச்சி இலாகா.

சரி, பணம் வந்துவிட்டது, ஆளும் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ரோடு போகிற நிலம் யாருடையது?

காட்டுக்குக் காவல்

மலையில் பெரும்பகுதி காட்டிலாகாவின் பொறுப்பில் இருக்கிறது. 1980-ம் ஆண்டுச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்க மத்திய சர்க்காரின் முன் அனுமதி வேண்டும். இதனால் ஒரு ரோட்டின் கோப்பு நெடுந்தூரம் பயணம் போகும், ரோடு போகாது.

காட்டிலாகாவைத் திட்டுவது எளிது. ஆனால் செங்கத்துக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குப்பநத்தம் அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதே காட்டிலிருந்துதான். மரம் போனால் மலையிலிருந்து மண்தான் இறங்கி வரும்.

இந்த இழுபறிக்கு 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு வழி செய்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்சாரக் கம்பி, குடிதண்ணீர்க் குழாய், ரோடு என்று 13 வகையான வசதிகளை அது பட்டியல் போட்டுச் சொல்கிறது. இவற்றுக்காகச் சர்க்கார் செய்யும் வேலைக்கு டில்லி வரை போக வேண்டியதில்லை. ஜில்லா வன அதிகாரியே அனுமதி தரலாம்.

நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக்கூடாது. ஒரு ஹெக்டேர் என்றால் எவ்வளவு? ஐந்து மீட்டர் அகலத்தில் ரோடு போட்டால் இரண்டு கிலோ மீட்டர் நீளம் வரும். ஒரு சிற்றூரைப் பெரிய ரோட்டோடு சேர்க்கப் பல இடங்களில் இதுவே போதும்.

இன்னொரு நிபந்தனைதான் முக்கியம். கிராம சபை சிபாரிசு செய்ய வேண்டும்! பணம் கொடுக்கும் சர்க்காரோ, ரோடு போடும் இலாகாவோ கேட்டால் மட்டும் போதாது. ஊர் கூடி, "இந்த ரோடு எங்களுக்கு வேண்டும்" என்று தீர்மானம் போட வேண்டும். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்களே அதிகம். அந்தத் தீர்மானப் புத்தகத்துக்கு இவ்வளவு சக்தி உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

பார்ப்பவர் யார்?

ரோட்டின் தரத்தை மூன்று அடுக்கில் பார்க்கிறார்கள். முதலில், வேலையை நடத்தும் இலாகாவின் என்ஜினீயர்கள். பிறகு மாநிலம் அனுப்பும் பார்வையாளர். அதற்கும் மேலே மத்திய சர்க்கார் அனுப்பும் பார்வையாளர். தவிர, ஜில்லாவில் ஒரு கண்காணிப்புக் குழுவும் உண்டு. 2016-ல் அமைந்த இதற்குப் பாராளுமன்ற உறுப்பினர் தலைவர், கலெக்டர் செயலாளர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும் என்பது விதி. இந்தக் குழு கேள்வி கேட்கலாம், குறை சொல்லலாம். பணப்பை மட்டும் இதன் கையில் இல்லை.

இத்தனை பேர் இருந்தும் வேலை நின்றுபோவது உண்டு. காரணம் எளியது. ஒவ்வொரு இலாகாவும் தன் பங்கை முடித்துவிட்டு, அடுத்த இலாகாவைக் கை காட்டும். எல்லாக் கயிறுகளும் ஜில்லாவில் வந்து சேரும் இடம் கலெக்டரின் மேஜைதான். கண்காணிப்புக் குழுவின் செயலாளர் அவர். வன உரிமைச் சட்டப்படி அமைந்த ஜில்லாக் குழுவுக்கும் அவரே தலைவர். அதில் வன அதிகாரி, பழங்குடியினர் நலத்தைக் கவனிக்கும் அதிகாரி, மூன்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆகியோரும் இருக்கிறார்கள்.

ரோடு போட்ட பிறகும் கதை முடிவதில்லை. ஒப்பந்தக்காரர் ஐந்து வருஷம் அதைப் பராமரிக்க வேண்டும். பராமரிப்புப் பணம் மாநிலத்தின் பொறுப்பு. ரோட்டோரப் பலகையில் ரோட்டின் பெயர், செலவு, ஒப்பந்தக்காரர், வேலை முடிந்த தேதி எல்லாம் எழுதியிருக்கும். நான்காவது வருஷ மழையில் ரோடு அரித்துப் போனால், அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளலாம். கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை கலெக்டர் காரியாலயத்தில் நடக்கும் குறை கேட்கும் கூட்டத்துக்குப் போகலாம். செங்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ் இருக்கிறது.